படிவம் எண் இரண்டு

அந்த மின்னஞ்சல் நூற்று நாற்பது பேருடைய பெட்டியிலும் வந்து விழுந்தபோது, அவள் சாப்பாட்டு டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வரவேற்பில் உட்காரும் டெலிபோன் அக்காதான் முதலில் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டியா? இல்லன்னா முதல்ல மெயிலைப் பாரு. வயிறு தானா ரொம்பிடும்."

பார்த்தாள். மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்யும் அந்த நிறுவனத்தின் முதலாளி, தன் ஒரே மகளின் நிச்சயத்துக்கு எல்லோரையும் அழைத்துக் காலையில் மடல் அனுப்பியிருந்தார். அதை வெளியூரில் இருக்கும் தன் அக்காவுக்கு மட்டும் அனுப்ப நினைத்த மாப்பிள்ளை, அவசரத்தில் 'எல்லோருக்கும் பதில்' என்பதை அழுத்தியிருந்தான்.

'அக்கா, பொண்ணு சுமார்தான். அவ பேச ஆரம்பிச்சாலே எனக்குக் கொட்டாவி வருது. என்ன பண்றது, பெரியவருக்கு வேற வாரிசு இல்ல. ஒரு வருஷம் பல்லைக் கடிச்சா அந்த நாற்காலி நமக்குத்தான். பழையவளை உதறின மாதிரி இவளை உதற முடியாது, பொறுத்துப் போறேன்.'

பழையவள் இரண்டு முறை படித்தாள். பிறகு டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

பாதிச் சாப்பாட்டில் அந்த மாப்பிள்ளையே வந்தான். நிர்வாக மேலாளர். எதற்கெடுத்தாலும் விதி பேசுவதால் அலுவலகத்தில் அவனுக்குச் 'சட்டம்' என்று பெயர். கதவைச் சாத்திவிட்டு, இரண்டு வருடமாகக் கூப்பிடாத செல்லப் பெயரில் கூப்பிட்டான்.

"அம்மு…"

"மேடம்னே கூப்பிடுங்க சார். பழகிப்போச்சு."

"அந்த மெயிலை எடுத்துடு. உன்னாலதான் முடியும்."

உண்மைதான். யாருடைய பெட்டியிலிருந்தும் ஒரு மடலைத் திரும்ப எடுக்க, அந்தக் கட்டடத்தில் அலுவலக மின்னஞ்சலைக் கவனிக்கும் அவள் கணினிக்கு மட்டுமே அதிகாரம்.

"இதுவரைக்கும் அம்பத்து மூணு பேர் திறந்துட்டாங்க."

"அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. நாளைக்கு என்கிட்டதானே வேலை பார்க்கணும்? அப்பா, பொண்ணு, ரெண்டே ரெண்டு பெட்டி போதும். அவர் பல் டாக்டர்கிட்ட போயிருக்கார். அவ லேப்ல இருக்கா, போனைத் தொடல."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தாள். இரண்டு வருடமாக அதில் நிரப்பப்பட்ட படிவம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவளுடையது.

அவர்களுடைய கல்யாணம் வேண்டாமென்று அவன் எழுதியதும் மின்னஞ்சலில்தான். பின்னால் பேச்சு வரக்கூடாதாம். அவள் பிரிவில் இருந்த பதினோரு பேருக்கும் நகல் வைத்திருந்தான். அதையாவது எடுத்துவிட அனுமதி கேட்டு அவன் மேசை முன்னால் நின்றபோது, "ஒருத்தருக்காக விதியை வளைக்க முடியாது" என்றவன், அன்று மதியமே புதிதாக ஒரு விதியைத் தட்டச்சு செய்தான். விண்ணப்பம், காரணம், மடலின் அச்சுப்பிரதி, முதலாளியின் கையெழுத்து. கல்யாணம் நின்றுபோன காகிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் முதலாளியின் அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்றாள். அதற்குள் பதினோரு பேரும் படித்து முடித்து, பாவம் பார்க்கவும் ஆரம்பித்திருந்தார்கள்.

வெற்றுப் படிவம் ஒன்றை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"விளையாடாதே. இதுல அவர் கையெழுத்து வேணும்."

"முதல்ல நிரப்புங்க சார். அப்புறம் பார்க்கலாம்."

அந்த 'அப்புறம்' என்ற சொல்லை நம்பி அவன் பேனாவை எடுத்தான். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினான்.

"இது செல்லாது. அன்னிக்கு நானும் இதையேதான் எழுதினேன். விவரமா எழுதுன்னு நீங்கதான் அடிச்சுத் திருப்பிக் கொடுத்தீங்க."

அடித்துவிட்டு, 'தவறுதலாக அனுப்பப்பட்டது' என்று எழுதினான்.

"எது தவறு சார்? அனுப்பினதா, எழுதினதா?"

"என் வாழ்க்கை இது. புரியலையா உனக்கு?"

"நல்லாப் புரியுது. என் வாழ்க்கைக்கும் நீங்க இதே அளவு காகிதம்தான் கொடுத்தீங்க." அச்சு இயந்திரம் துப்பிய மடலைப் படிவத்தின் பின்னால் வைத்து, ஒரு முனைகூட விலகாமல் பின் அடித்தாள்.

அவன் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். "சரி, நான் பண்ணினது பாவம்தான். மன்னிச்சுக்கோ. அந்தப் பட்டனை மட்டும் அழுத்து."

இரண்டு வருடம் காத்திருந்து இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எப்படி இனிக்கும் என்று அவள் பலமுறை கற்பனை செய்திருக்கிறாள். இப்போது வந்து சேர்ந்த வார்த்தை, இரண்டு பெட்டிகளுக்கான லஞ்சமாகத்தான் காதில் விழுந்தது.

கதவு திறந்தது. முதலாளி. ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வாய்க்குள் பஞ்சு. "மெயில் திறக்க மாட்டேங்குதும்மா. பாஸ்வேர்டு மறுபடி போச்சு" என்றார், பாதி வாயால். மாதத்துக்கு இரண்டு முறை வரும் புகார் அது. அவன் கையிலிருந்த படிவத்தைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார். "கையெழுத்துதானே மாப்பிள்ளை? கொடுங்க."

அவன் கொடுக்கவில்லை. அவர்தான் உருவிக்கொண்டார். பழக்க தோஷத்தில் முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பிறகுதான் பின்தாளைப் புரட்டினார்.

படிக்கப் படிக்க அவருடைய வீங்காத கன்னமும் மெல்ல இறங்கியது.

"அங்கிள், அது வந்து…"

முதலாளி கையை உயர்த்தினார். அவனைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "அன்னிக்கும் இதே மாதிரி ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கினே இல்லம்மா? நான் உன்னை நிமிர்ந்துகூடப் பார்க்கல."

"ஆமா சார்."

"விதிப்படி செய். எல்லார் பெட்டியிலருந்தும் எடுத்துடு." பஞ்சை நாக்கால் ஒதுக்கினார். "என் பொண்ணு பெட்டியில மட்டும் இருக்கட்டும். அவ படிக்கணும்."

அவர் போன பிறகும் அவன் உட்கார்ந்தே இருந்தான். அவள் முதலாளியின் மகளின் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, பட்டனை அழுத்தினாள். நூற்று முப்பத்தொன்பது பெட்டிகள் காலியாயின.

பிறகு படிவத்தை அவன் பக்கம் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"கோரிக்கை நிறைவேறியதுன்னு விண்ணப்பதாரர் கையெழுத்துப் போடணும் சார். நீங்க போட்ட விதிதான்."