சோத்தாங்கை மூலை

...விழுந்தது விழுந்துவிட்டது, இனி அதை எடுத்துப் பழைய இடத்தில் வைக்க முடியாது, கறுப்புப் பந்து இடது மூலைக் குழிக்குள் இறங்கி மேசைக்கு அடியில் உருண்டு ஓடுகிற சத்தம்கூட அடங்கிவிட்டது, எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? தீர்ப்புச் சொல்ல இவ்வளவு நேரம் எடுக்கிற ஆளா நான்? கோல் நுனியில் தேய்க்கிற சோக்கை மேசை விளிம்பில் வைத்தவன், எதிராளி குனிந்திருக்கும்போது வேண்டுமென்றே இருமியவன், ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்பதை மறந்து மேசைமேல் ஏறிப் படுத்தவன், நடு ஆட்டத்தில் போனை அலறவிட்டவன், ஒருவனையும் நான் விட்டதில்லை, பட்டென்று சொல்லிவிடுவேன், அதனால்தான் இரத்தினபுரி மாணிக்கக் கல் வியாபாரிகள் என்னைப் படியில் கண்டாலே "ஆ, நடுகாரயா" என்று சிரிப்பார்கள், தமிழில் நடுவர், சிங்களத்தில் நடுகாரயா என்றால் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிற நீதவான், கேலிதான், ஆனாலும் எனக்கு அதில் உள்ளூர ஒரு குளிர்ச்சி, ஏன் பொய் சொல்ல வேண்டும்... வாரமெல்லாம் நிவித்திகலப் பக்கத்து மலையில் கொழுந்து நிறுவைக்கு நிற்கிற கணக்கப்பிள்ளை யோகராஜ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜவ்பர் முதலாளியின் பில்லியட்ஸ் மாடியில் நீதவான். அந்த நீதவான் இப்போது முழி பிதுங்கி நிற்கிறான்.

அடித்தவன் சுமன். என் தங்கை விஜயகலாவின் புருஷன். இது கடைசி ஆட்டம், ஜெயித்தவர் மாவட்டத்தின் பெயரில் கொழும்புப் போட்டிக்குப் போவார், வேறு ஆளை நடுவராகப் போடுங்கள் என்று நான் காலையிலேயே சொன்னேன், ஜவ்பர் முதலாளி கேட்கவில்லை, "ஒங்கட மச்சினன் ஆடினா என்ன, ஒங்கள நம்பாட்டி நான் வேற யார நம்புற" என்று சொல்லி விசிறியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நம்பிக்கை! அதைவிடத் தலையில் ஒரு மூட்டையை ஏற்றியிருக்கலாம். கறுப்பை அடிக்குமுன் எந்தக் குழி என்று ஆடுகிறவன் சொல்லியாக வேண்டும், வேறு குழியில் விழுந்தால் ஆட்டமே எதிராளிக்கு. முன்பெல்லாம் கோலால் குழியைத் தட்டிக் காட்டுவார்கள், ஒருவன் ஒன்றைத் தட்டிவிட்டு நான் தட்டியது அதுவல்ல என்று சண்டைக்கு நிற்பான், அதனால் தட்டக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டது யார்? நானேதான். சுமன் வாயால் சொன்னான், "சோத்தாங்கை மூலை" என்றான், சொல்லிக்கொண்டே குனிந்துவிட்டான். சிங்களப் பையன்களுக்கும் விளங்கட்டும் என்று நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன், "தகுணு முல்ல", வலது மூலை. சிங்களத்தில் சொல்லும்போது சோறு கழன்று வெறும் வலது மட்டும் மிஞ்சியதை அப்போது நான் கவனித்தேனா, எங்கே கவனித்தேன்... பந்து வலது பக்க ரப்பர் விளிம்பில், குஷனில் பட்டது, குறுக்கே திரும்பியது, அவசரமில்லாமல் போய் இடது மூலையில் விழுந்தது. சுமன் குஷனில் பட்டு வர அடிப்பதில் பெயர் போனவன். தவறிய அடியா, அளந்து அடித்த அடியா?

எதிராளி தாஸிம் நல்ல பையன், குரலை உயர்த்தவில்லை, நாற்காலியைவிட்டுக்கூட எழும்பவில்லை, நான் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு அப்படி, இருந்த இடத்திலேயே கையைத் தூக்கி, "அண்ணன், அவர் செல்லின மூலை இது இல்லையே, நீங்களும் செல்லினீங்க தானே" என்றான். ஆமாம் தம்பி, சொன்னேன், அதுதானே சிக்கல். வேறு யார் சொல்லியிருந்தாலும் சோத்தாங்கை என்றால் வலதுதான், யோசிக்க ஒன்றுமில்லை. சொன்னவன் சுமன். தேயிலை பெக்டரி ரோலர் அவன் வலது கையின் நடு விரல்கள் மூன்றையும் கொண்டுபோய்விட்டது, கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம், அதை மேசையில் ஊன்றி அதன்மேல் கோலை வைத்து இடது கையால் அடிக்கிறான், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சோறு? கோயில் பந்தியில் உட்காரமாட்டான், கல்யாண வீட்டில் பசியில்லை என்பான், நாங்களும் நம்பினோம். ஒருநாள் தேங்காய் கொடுக்கப் போனேன், லயத்து வீட்டு வாசலில் விஜயகலா கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறாள், அவள் தோளுக்கு மேலாகத் தெரிந்தது, அவன் அடுப்பைப் பார்த்து முதுகைக் காட்டி உட்கார்ந்து இடது கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் என்னை வெளியே இழுத்து வந்து, "அண்ணே, யாருகிட்டயும் சொல்லிராதீங்க, நீங்க பாத்தது அவருக்குத் தெரியாது" என்றாள், கண் கலங்கிக்கொண்டே சிரிக்கவும் செய்தாள், "இப்ப அவருக்கு அதுதாண்ணே சோத்தாங்கை". அதுதான் சோத்தாங்கை! அந்தச் சொல்லைத்தான் அவன் இன்றைக்குச் சொன்னானா?

சொன்னான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் நினைத்தது இடது மூலை, விழுந்ததும் இடது மூலை, ஆட்டம் அவனுடையது, கொழும்பும் அவனுடையது. பெக்டரியிலிருந்து எடுத்து மலையில் தண்ணீர்க் கான் வெட்டப் போட்டார்களே, அன்றையிலிருந்து அவனை யாரும் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசுகிற இடம் இந்த மாடி ஒன்றுதான், இங்கேயும் நான் அவனைக் கீழே தள்ளவா? சரி, தள்ளவில்லை, தீர்ப்பை மாற்றுகிறேன், உடனே ஏன் என்று கேட்பார்களே, என்ன சொல்வேன்? இவர் இடது கையால்தான் சோறு தின்கிறார் என்றா? இங்கே சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்று மூன்று பேரும் நிறைந்திருக்கிறார்கள், வேறு எதில் ஒத்துப்போகிறார்களோ இல்லையோ, சோறு எந்தக் கையால் என்பதில் மூன்று பேருக்கும் ஒரே பேச்சு. அவனை ஜெயிக்க வைக்க வேண்டுமென்றால் அடுப்படிக் கதவைத் திறந்து எல்லாருக்கும் காட்ட வேண்டும். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லலாமா, திரும்ப அடிக்கச் சொல்லலாமா, மச்சினனுக்கு வளைந்துவிட்டான் என்று படியில் இறங்குமுன்பே பேசுவார்கள், பேசட்டுமே... இல்லை, பேசக் கூடாது, எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. அவன் மானத்துக்காகப் பயந்தேனா என் பெயருக்காகப் பயந்தேனா என்று கேட்டால் தெரியாது, இரண்டும் ஒரே பயமாகத்தான் இருந்தது. சுமனாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, அவன் என்னைப் பார்க்கவில்லை, அடிக்க ஒன்றுமே மிச்சமில்லாத கோலுக்கு நின்று சோக்குப் போட்டுக்கொண்டிருந்தான். சொல்ல வெட்கப்பட்டுத்தான் சும்மா நிற்கிறான், வேறென்ன, சொன்னால் காரணமும் சொல்ல வேண்டுமே. சொல்லாதீங்க என்கிறான், மச்சான் சொல்லாதீங்க என்கிறான்... "பவுல்" என்றேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, "ஆட்டம் தாஸிமுக்கு". சிங்களத்திலும் சொன்னேன். சுமன் கோலைச் சுவரில் சாத்திவிட்டுத் தாஸிமிடம் போய், "நல்லா ஆடினீங்க தம்பி" என்றான், என்னிடம் வந்து தலையசைத்தான், தோற்றவன் நடுவருக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பதும் என் சட்டம்தான்.

நிவித்திகல பஸ் இன்னும் கிளம்பவில்லை, ஜன்னல் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், முன்னால் ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண், பின்னால் சவர்க்காரப் பெட்டியோடு இரண்டு பேர். பேசாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். தங்கை இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை கசங்காமல் அப்படியே இருந்தது, அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை, எல்லாம் தெரிந்தும் தோற்கடித்தேன் என்று அவனிடம் சொல்லவா, சொல்லாமல் சாகவா... "மாப்ள, நீங்க சோத்தாங்கைன்னு சொன்னீங்களே, எந்தப் பக்கத்த நெனச்சிக்கிட்டு சொன்னீங்க?" என்று கேட்டேவிட்டேன். அவன் ஜன்னலைவிட்டு என் பக்கம் திரும்பினான். "அதான் அங்க அப்படி முழிச்சிக்கிட்டு நின்னீங்களா? விஜயா சொல்லிட்டாளா?" என்றான். நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், அதுவே பதிலாகிவிட்டது. அவன் வலது கையை என் முகத்துக்கு நேரே தூக்கினான், குரலைத் தாழ்த்தவும் இல்லை, "இதுதான் மச்சான் சோத்தாங்கை. இப்ப நான் திங்கிறது பீச்சாங்கையாலதான், அதுக்காக இதுக்குப் பேரு மாறிருமா? அடி தப்பிருச்சு, கொஞ்சம் மெல்லிசாப் பட்டு குஷனுக்குப் போயிருச்சு, நீங்க சொன்னது சரிதான்." குடைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள், அவன் அவளையும் பார்த்தான், கையை இறக்கவில்லை.

தப்பிய அடிதானா? என் மனசு ஆறட்டும் என்று சொல்கிறானா? அப்படியென்றால் இந்தப் பொய்க்காகவா, இத்தனை நாள் அடுப்படியில் மறைத்ததை ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு முன்னால் உரக்கச் சொன்னான்... பொய் இல்லையென்றால் இன்னும் மோசம், அவன் மனசில் சோத்தாங்கை இடம் மாறவே இல்லை, விரல் போன கையும் அவனுக்கு அதே கைதான், நானும் தங்கையும்தான் அதை எப்போதோ கழித்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பாவப்பட்டிருக்கிறோம். கண்டக்டர் "எங்கே" என்று சிங்களத்தில் கேட்டான், எனக்கு முந்திச் சுமன்தான் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட்டை வாங்கினான், எந்தக் கையால் வாங்கினான் என்று நான் பார்த்தேன், இப்போதும் கையைத்தான் பார்த்துவிட்டேன், அந்த மாடியில் அவ்வளவு பேர் இருந்தும் அந்தக் கைக்காக வெட்கப்பட்டு நின்றது நான் ஒருவன்தானோ...