நாத்தனார் அனுப்பிய மெயில்

என் நாத்தனாரின் மெயிலில் நாலு வார்த்தைக்கு மேல் இருக்காது. அதிலும் ஒன்று குத்தலாக இருக்கும். அப்படிப்பட்டவளிடமிருந்து, "அன்பான தோழிக்கு வணக்கம். ரிப்போர்ட்டை இணைத்துள்ளேன், உடனே திறக்கவும்" என்று வந்தால் சந்தேகம் வராதா?

தோழியாம், நானாம்!

ரிப்போர்ட்டுக்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம். என் வீட்டுக்காரரின் கழுத்துக் கட்டியில் சதை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நாத்தனார், வந்ததும் மெயிலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள்.

"திற, என்ன யோசனை?" என்று அவர் மவுஸை எட்டினார்.

பட்டென்று கையில் ஒன்று போட்டேன். "கைய எடுங்க! விசிட்டிங் கார்டு டிசைன்னு எதையோ திறந்து கடையையே படுக்க வச்சது பத்தாதா?"

எங்களுடைய இந்த அச்சுக்கடையில் வாடிக்கையாளர்களின் ஃபைல் அத்தனையும் அன்று வைரஸ் புகுந்து பூட்டிக்கொண்டது. மறக்குமா?

"அவ அட்ரஸ்தானே போட்டிருக்கு?"

"அட்ரஸ் அவளோடதுதான். பேச்சு அவளோடது இல்ல. ஃபைலைப் பாருங்க, பேருதான் ரிப்போர்ட். கடைசியில டாட் இ-எக்ஸ்-இன்னு இருக்கு. தொட்டா ஏதோ புரோகிராம் ஓடும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் விரல் துறுதுறுத்தது. ஒருவேளை நிஜமாகவே இருந்தால்? பயமாக இருந்தது. மெயிலுக்குப் பதில் போட்டால் உள்ளே உட்கார்ந்திருக்கும் திருடனே பதில் சொல்வான். அதனால் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

ஒருவழியாக எடுத்தாள்.

"மெயில் அனுப்பினியா?"

"இல்லையே... ஐயையோ, எவனாவது உள்ள பூந்துட்டானா? திறந்துட்டீங்களா அண்ணி?"

"திறக்கல. முதல்ல பாஸ்வேர்டை மாத்து. எல்லாருக்கும் சொல்லிடு."

"அப்பாடா, பொய் மெயிலா!" என்று அவர் பெருமூச்சு விட்டு, பாதியில் நின்ற அச்சு மிஷினைப் போடப் போனார். முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரிப்பு.

"அப்ப ரிப்போர்ட் இன்னும் வரலையா?" என்றேன் போனில்.

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"காலையிலயே வந்துடுச்சு அண்ணி. மெயில்ல அனுப்பக் கை வரல. நேர்ல வந்துக்கிட்டு இருக்கேன்."

போனை வைத்தேன்.

"என்னவாம்?" என்று மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"இங்க வர்றாளாம்."

"அதிசயமா இருக்கே! காரியமில்லாம வரமாட்டாளே அவ!" என்று சிரித்தார்.

மெயிலை அழிக்கும் சாக்கில் நான் திரும்பவே இல்லை.