வாய் பொத்திய கை

“அந்தக் கைய எடுங்க, பூரணியக்கா!”

சிறில் போட்ட சத்தத்தில் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் கூடியிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லிந்துலையிலிருந்து வந்திருந்த யூனியன்காரன் அவன். பேசும்போது கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

“தொரைக்கு முன்னால வாய் பொத்தி நின்ன காலமெல்லாம் மலையேறிப் போச்சு. வெள்ளிக்கிழம ஆபீசுல பேசப்போறது நீங்க. எங்கிட்டயே பொத்திக்கிட்டு நிக்கிறீங்களே!”

“மலையேறிருச்சா? அப்ப இங்கதான் எங்கயாச்சும் இருக்கும் தம்பி” என்றாள் அழகம்மா. கூட்டம் சிரித்தது.

பூரணி கையை இறக்கினாள். சிறில் இன்னும் அருகே வந்ததும், கை தானாகவே மேலே போய்விட்டது.

தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பயந்தவள் இல்லை அவள். மலையில் வேலை வாங்கப் புதிதாக வந்த கண்டாக்கு, கைக்குழந்தைக்காரிகள் பத்து மணிக்கு மலையிறங்கிப் பாலூட்டிவிட்டு வருவதை நிறுத்தியபோது, அவனை நிற்கவைத்துக் கேட்டவள் அவள்தான். அவன் மசியாததால்தான் இப்போது துரையிடமே போகிறார்கள். ஆனால் அவள் கண்டாக்கிடம் பேசியது திறந்த மலையில். காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்துவிட்டால் அவள் ஊமை. புருஷன் ஆண்டியப்பன் சுவரைப் பார்த்துப் படுக்கத் தொடங்கி மூன்று வருஷமாகிறது. முதல் நாள் மட்டும் சொன்னான், “ஒன் வாயில எலி செத்துக் கெடக்கா?” என்று. பிறகு அதையும் சொல்வதில்லை.

வயிற்றுச் சூடு என்று நினைத்துக் கொத்தமல்லித் தண்ணீர் குடித்தாள். கிராம்பு மென்றாள். நாற்றத்தை மறைக்க வெற்றிலையும் புகையிலையும் ஓயாமல் போட்டாள்.

சிறில் சத்தம் போட்ட மறுநாள், தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் றோலண்ட் ஐயா அவள் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“வயிறு என்ன பாவம் பண்ணுச்சு? ரெண்டு கடவாப் பல்லு சொத்தை. ஈறெல்லாம் சீழு. பொகையிலயப் போட்டு இன்னும் கெடுத்து வச்சிருக்க. மலையில தண்ணி குடிப்பியா?”

“மலையில ஏதுங்கய்யா தண்ணி?”

“காஞ்ச வாயும் நாறும். நாக்க வழிக்கணும். ராத்திரி ரொட்டி தின்னா பல்ல வெளக்கிட்டு உப்புத் தண்ணியில கொப்புளிச்சுட்டுப் படுக்கணும். ஆனா இந்த ரெண்டையும் புடுங்காம ஒன்னும் ஆகாது. ஒக்காரு, இப்பவே புடுங்கிர்றேன்.”

“புடுங்குனா பேசலாங்களா?”

“வீங்கிக் கெடக்கும். நாலு நாளைக்கு வாயத் தொறக்க மாட்டே.”

வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. பூரணி எழுந்து வந்துவிட்டாள். அந்த இரண்டு நாளும் புகையிலையைத் தொடவில்லை. நாக்கில் ரத்தம் வரும்வரை வழித்தாள். உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பெரிய பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு ஏறும் பாதையில் சிறிலைத் தனியே நிறுத்தினாள். “தம்பி, பயத்துல பொத்தலப்பா. பல்லு சொத்தை. வாய் நாறும்.”

கையை எடுத்துவிட்டுத்தான் சொன்னாள். சிறில் ஓரடி பின்னால் போனான். போனது அவனுக்கே தெரிந்திருக்காது.

“அப்ப... லெட்சுமியக்கா பேசட்டுமே?” என்றான் மெதுவாக.

லெட்சுமி பின்னால் வந்துகொண்டிருந்தாள். மூன்று மாதப் பிள்ளைக்காரி. யாராவது பேர் கேட்டாலே தலைகுனிகிறவள். அவள் ரவிக்கையில் பால் நனைந்து வட்டமாகப் படிந்திருந்தது.

“நானே பேசுறேன்” என்றாள் பூரணி.

குளிருக்காக ஆபீஸ் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். கணப்பில் விறகு எரிந்தது. “என்ன வேணும்? சீக்கிரம் சொல்லு” என்றார் துரை.

அவள் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்தில் துரை நாற்காலியில் சாய்ந்தார். மூன்றாவதில் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, முதுகைக் காட்டியபடியே, “பாக்கலாம். போ” என்றார்.

ஒழுகும் லயக் கூரைக்கும் இதே ‘பாக்கலாம்’தான் கிடைத்தது, அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஏதாவது சொல்லுவான் என்று சிறிலைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கதவோரம் லேசாகக் குனிந்து நின்றான். கை மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தது.

அவளுக்கு முகம் எரிந்தது. தன்னுடைய கையும் நெஞ்சுவரை எழும்பிவிட்டது. பக்கத்தில் லெட்சுமி ஈர ரவிக்கையை முந்தானையால் மூடிக்கொள்வது கண்ணில் பட்டது. பூரணி கையைக் கீழே போட்டாள். ஜன்னலருகே போய், துரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“பாக்கலாம் வேணாங்க தொரை. பத்து மணிக்குப் புள்ளைங்ககிட்ட விடுவீங்களா, மாட்டீங்களா? அதச் சொல்லுங்க, போயிர்றோம்” என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆற அமரச் சொன்னாள். துரைக்கு அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

“திங்கக்கெழமையில இருந்து” என்றார் துரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு. “கிளாக்கர், எழுது.”

வெளியே வந்ததும் பெண்கள் லெட்சுமியைக் கட்டிக்கொண்டார்கள். “ஜெயிச்சுட்டீங்க பூரணியக்கா!” என்றான் சிறில், நாலு முழம் தள்ளி நின்று.

அவனுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தாள். கை மேலே போனது. அப்படியே டிஸ்பென்சரிப் பாதையில் திரும்பினாள்.

“புடுங்கிருங்கய்யா” என்றாள், றோலண்ட் ஐயாவின் நாற்காலியில் உட்கார்ந்து. “இனிப் பேச ஒன்னுமில்ல.”