பச்சை பாடி

"பாடி எப்பம்மா எடுக்கணும்?"

காலையிலிருந்து இதைக் கேட்காதவர்கள் இல்லை. ஐஸ் பெட்டிக்காரர் கேட்டார், பந்தல்காரர் கேட்டார், சர்ச்சிலிருந்து போதகர் இரண்டு தடவை கேட்டார். ஐஸ் பெட்டியின் பிளக் ஆடிக்கொண்டிருந்ததால், அட்டைத் துண்டை மடித்துச் சொருக ஜீவிதா தரையில் குந்தியிருந்தாள். அப்போதுதான் இந்த போனும் வந்தது. தெரியாத நம்பர். பின்னால் ஏதோ மிஷின் இரைந்துகொண்டிருந்தது.

"மூணு மணிக்கு. லேட் பண்ணிடாதீங்க."

"கரெக்டா வந்துடறேன்மா. இந்த தபா பேச்சு மாற மாட்டேன்."

சவ வண்டி ஓட்டுகிறவருக்கு எதற்கு இத்தனை சத்தியம் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

கண்ணாடி மூடிக்குள் அவள் அப்பா தனசிங், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில், இரண்டு சுற்று இளைத்துக் கிடந்தார். மின்சார ரயில் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமாட்டில் அம்மா ரத்தினபாய் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். வந்தவர்களிடம் ஜீவிதா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கஷ்டப்படல. சந்தோஷமாத்தான் போனாரு."

வாசலில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஒன்றைச் சுற்றித்தான் பந்தல்கால் நட வேண்டியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் டீ கப்பை அதன்மேல் வைத்தார்கள். அப்பா எழுந்து வந்திருந்தால் அத்தனை பேரையும் விரட்டியிருப்பார்.

தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது இங்கிலாந்தில் செய்த பழைய எம்.ஜி. கார். மேலே கூரை கிடையாது, இருப்பது இரண்டே சீட்டு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டர் வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போனபோது, வேப்பமரத்தடியில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்த வண்டியை அப்பா வாங்கினார். தண்ணி லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "நாம மூணு பேரு. இதுல ரெண்டு சீட்டு. யாரு இறங்கணும்?"

யாரும் இறங்கவில்லை. ஜீவிதா இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த மேட்டின்மேல் உட்கார்ந்துகொண்டாள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு போனார்கள். திருநீர்மலை வரைக்கும் ஓடும், திரும்பி வருவது வண்டியின் இஷ்டம். பள்ளிக்கூட வாசலில் அதன் ஹாரன் மாடு கத்துவது போல அடித்தொண்டையில் ஒலிக்கும். சிநேகிதிகள் சிரிப்பார்கள். அவளுக்கு மானம் போகும், ஆனாலும் ஓடிப்போய் ஏறிக்கொள்வாள்.

பிறகு துரு பிடித்தது. அப்பா ஓய்வு பெற்று, வண்டியைக் கழற்றி, எஞ்சினையும் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தையும் வாசலிலேயே வைத்துக்கொண்டு பாடியை மட்டும் டிங்கர் கோபுவிடம் கொடுத்தார். பச்சை அடிக்கச் சொன்னார். கொடுத்தபோது அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபு நாளைக்கு நாளைக்கு என்றே நாளைக் கடத்தினான். அதற்குள் ஆஸ்பத்திரிக்காரர்கள் கையை விரித்து, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பின்கட்டு அறையில் எப்போதும் கிடந்த கட்டிலிலேயே அவரைப் படுக்க வைத்தார்கள். அங்கிருந்து வாசல் தெரியாது. தினமும் அப்பா கேட்பது ஒன்றுதான்: "பாடி வந்துச்சா?"

நேற்று சாயங்காலமும் கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். கோபு போனையே எடுக்கவில்லை. இனி நாளை என்று ஒன்று இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"வந்துடுச்சுப்பா. மதியமே மாட்டிட்டுப் போயிட்டாங்க."

"கலரு?"

"நீங்க சொன்ன பச்சைதான். அதுல மூஞ்சி பாக்கலாம், அப்படி மின்னுது."

"ஒயரிங்?"

"எல்லாம் முடிஞ்சுதுப்பா."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "அப்ப ஒரு ஹாரன் அடியேன். கேக்கறேன்."

ஜீவிதா வாசலுக்கு வந்து நின்றாள். எதிர் வீட்டு மதியழகன் தன் புதுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் முகப்பிலும் அதே இரண்டு எழுத்துகள். எம்.ஜி.

"அண்ணா, ஒரு ஹாரன் அடிங்களேன். அப்பாவுக்கு."

அவர் எதற்கென்று கேட்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு இரண்டு தடவை அடித்தார். பேரு ஒண்ணுதானே, முழுப் பொய் இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

உள்ளே வந்தபோது அப்பா கண்ணை மூடியிருந்தார்.

"கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு. நல்லா இருக்கு. போதும்மா. நீ போய்ச் சாப்பிடு" என்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. விடியும்போது அம்மா கூப்பிட்டாள்.

வேளாவேளைக்கு மருந்து கொடுத்தது, ஆஸ்பத்திரிக்கு அலைந்தது, ஜெபம் பண்ணியது எதுவும் பலிக்கவில்லை. அந்தப் பொய் மட்டும் பலித்தது. அது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியிருந்தது.

மூன்று மணிக்கு ஜெபம் முடிந்து, ஆணி அறைந்து, சவப்பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். சவ வண்டி தெருமுனையில் நின்றது. அதை உரசிக்கொண்டு குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று தெருவுக்குள் நுழைந்தது. அதன் முதுகில் கயிறு கட்டிய கார் பாடி. பச்சை நிறம், வெயிலில் பளபளவென்று இருந்தது.

"யோவ், உனுக்கு அறிவு கீதா? பின்னால எடுய்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

வண்டியிலிருந்து கோபு குதித்தான். "இன்னாங்க இது, அந்த அம்மாதான் மூணு மணிக்குன்னு..." என்று ஆரம்பித்தவன் பெட்டியைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். காலையில் போனில் கேட்டது யார், எந்தப் பாடியைக் கேட்டான் என்பது ஜீவிதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு நாள். ஒரே ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா? அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அம்மா பெட்டியின் மேல் கை வைத்து நிறுத்தினாள். "ஒரு நிமிஷம் கீழ வைங்க. திறந்து காட்டுங்க. இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தாரு."

தூக்கியிருந்தவர்கள் போதகரைப் பார்த்தார்கள். அவர் ஜீவிதாவைப் பார்த்தார்.

"வேணாம்மா," என்றாள் ஜீவிதா. "அப்பாவுக்கு அது நேத்தே வந்தாச்சு."

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். குட்டி யானை ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் ரிவர்ஸிலேயே போய் வழிவிட்டது.

கல்லறையிலிருந்து திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கோபு போகவில்லை. தார்ப்பாயை விலக்கி, ஆள் சேர்த்துப் பாடியைத் தூக்கி சேசிஸ் மேல் உட்கார வைத்திருந்தான். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள். குட்டி யானை தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

"மன்னிச்சுக்கம்மா. பெயிண்டு காயல, அதான் லேட்டு. லைட்டு, ஹாரன் எல்லாம் எடுத்துக்குடு. சார் ஆசப்பட்ட மாதிரி நானே மாட்டிட்டுப் போயிடறேன்."

"அதெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?"

"என்கிட்ட ஏதும்மா? பாடி எடுத்துகினு போன அன்னிக்கு அவரே கழட்டி ட்ரங்குப் பெட்டில வச்சாரே. ஹாரன பனியன்ல சுத்தி வச்சாரு. கட்டிலுக்குக் கீழ தள்ளினத நானே பாத்தேன்."

ஜீவிதா பின்கட்டு அறைக்குப் போனாள். மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். குனிந்து பெட்டியை இழுத்தாள். அது தலைமாட்டுப் பக்கம், அவர் தலைக்கு நேர் கீழே இருந்தது. பனியன் பொதியைப் பிரித்தாள். கனமான, கறுத்த, வட்டமான ஹாரன். துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

இதன்மேல் படுத்துக்கொண்டுதான் ஹாரன் அடி என்று சொல்லியிருக்கிறார்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. நல்லா இருக்கு என்றாரே, போதும்மா என்றாரே. எது போதும் என்று இனி யாரைப் போய்க் கேட்பது?

வெளியே மதியழகனின் கார் கல்லறையிலிருந்து திரும்பி வந்து, வழியில்லாமல் குட்டி யானைக்குப் பின்னால் நின்றது. இரண்டு தடவை ஹாரன் அடித்தது. மெல்லிய, புதுசான, கீச்சுக் குரல். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது சந்தேகத்துக்கே இடமில்லை. அது எதிர் வீட்டு வண்டி.

"கெடைச்சுதாம்மா?" என்று வாசலிலிருந்து கோபு கேட்டான்.

அவள் ஹாரனைப் பனியனில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். பெட்டியை முன்பு இருந்த இடத்துக்கே தள்ளினாள்.

"இல்லண்ணா," என்றாள். "இங்க ஒண்ணும் இல்ல."