பெரில் எழுந்தால் கோல்

பெரில் ஹாக்ஸ்வர்த் இருக்கையை விட்டு எழுந்தால் ஹார்ட்ஸ்பி டவுன் கால்பந்து அணி கோல் போடும். கேட்டால் சிரிப்பு வரும்தான். அவள் வரிசைக்காரர்கள் முன்னால் சிரித்துப் பாருங்கள், கடித்துக் குதறிவிடுவார்கள்.

ஆகஸ்டில் தேநீர் வாங்கப் போனாள், கோல். அக்டோபர் மழையில் மகள் போன் செய்தாள் என்று வெளியே போனாள், மறுபடி கோல். அன்றிலிருந்து பக்கத்து இருக்கை கிளிஃப் அவளை நிம்மதியாக உட்கார விட்டதில்லை. அணி திணறினால் போதும், முழங்கையால் இடிப்பான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெரில், சீசன் டிக்கெட் வாங்கிவிட்டுப் பாதி சீசனைக் கழிப்பறை வாசலில் கழித்தாள். பலிக்காத நாட்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

இன்று கடைசி ஆட்டம். ஜெயித்தால் இரண்டாம் பிரிவில் தங்கலாம். டிரா ஆனால்கூட மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். இரண்டு பக்கமும் தலா ஒரு கோல். ஆட்டம் முடியப்போகிறது.

"பெரில், கெளம்பு," என்றான் கிளிஃப்.

"இன்னைக்கு முடியாது. இந்த ஒண்ணையாவது நான் கண்ணால பாக்கணும்."

"மூணாவது பிரிவுல போய் ஆற அமர உக்காந்து பாரேன்!"

"நீ போயேன்யா."

"நான் போனா எதிராளிதான் கோல் போடுவான். என் ராசி உனக்குத் தெரியாதா?"

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கெஞ்சினாள்: "பெரில், உன் கால்ல விழறேன், போயிடும்மா!"

பெரில் மைதானத்தைப் பார்த்தாள். ஹார்ட்ஸ்பிக்கு மூலையிலிருந்து கார்னர் உதை. கோல்கீப்பர்கூடத் தன் வலையை அம்போவென்று விட்டுவிட்டு எதிரணி வலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். வாழ்நாள் முழுக்க அவள் காத்திருந்த காட்சி.

"நாசமாப் போங்க எல்லாரும்," என்று எழுந்து படியிறங்கினாள்.

கேலரிக்கு அடியில் ஈ, காக்கை இல்லை. தேநீர்க் கடைப் பெண் கோப்பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு தூணில் சாய்ந்தாள் பெரில். மேலே ஊரே மூச்சை அடக்கியிருந்தது.

பிறகு அது வந்தது. முதலில் காதுக்கு வரவில்லை, காலுக்கு வந்தது. தூண் அதிர்ந்தது, தேநீர் தளும்பிக் கையைச் சுட்டது, கூரையிலிருந்து பழைய சுண்ணாம்பு உதிர்ந்தது. இத்தனை வருடம் மேலே நின்று இவளும் சேர்ந்து போட்ட கூச்சல்தான். கீழே நின்றால் இவ்வளவு பெரியதா? அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணீர் தானாக வழிந்தது.

கடைசி விசில் ஊதி முடிவதற்குள் கிளிஃப் படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடிவந்தான்.

"தங்கிட்டோம் பெரில்! தங்கிட்டோம்!"

"யாருய்யா போட்டது? கோல்கீப்பரா? சீக்கிரம் சொல்லு!"

கிளிஃப் திருதிருவென்று விழித்தான். "யாருக்குத் தெரியும்? நான் கண்ண இறுக்கி மூடிட்டிருந்தேன்."

பெரில் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மேலே பாட்டு தொடங்கிவிட்டது. அவன் சட்டையைப் பிடித்துத் தூணருகே இழுத்து, அவன் உள்ளங்கையைத் தூணில் வைத்து அழுத்தினாள்.

"வாய மூடிட்டு நில்லு," என்றாள். "இதத்தான் நீ இத்தன நாளா தவற விட்டுட்ட."

தூண் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. கிளிஃப் மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.