அனிவத்தையில் வற்றுப்பெருக்கு

1990 ஜூன் 16ஆம் திகதி பிற்பகல், கண்டி அனிவத்தையில், அரசாங்கப் படவரைஞர் யோகேந்திரனின் முன்னறையிலிருந்த கண்ணாடித் தொட்டியில் கடல் நான்கு விரற்கடை வற்றியது.

தொட்டியில் இருந்தது யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடலின் உயிர்ப் பவள முருகைக் கொத்து ஒன்று. முந்திய வருடம் அவர் மனைவி கமலாசனி தாய்வீட்டுக் கரையிலிருந்து அதைக் கடல்நீர் வாளியில் வைத்து, ரயிலில் மடியிலேயே கொண்டுவந்திருந்தாள். முருகை கல்லாய் வளரச் சுண்ணாம்பு வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரைச் சேலைன் குழாயால் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வெயிலுக்கு டியூப் லைட், அலைக்கு ஒரு பம்பி. ஜூன் தொடக்கத்தில், தாயின் முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கென்று புறப்பட்டபோது கமலாசனி வாசலில் திரும்பி, "இஞ்சருங்கோ, சோறு வடிக்கத் தெரியாட்டிலும் பரவாயில்லை, நான் வருமட்டும் இதைச் சாகவிட்டிடாதேங்கோ" என்றாள். "ஓம், நீர் கெதியா வாரும்" என்றார் அவர். அடுத்த கிழமை சண்டை தொடங்கியது; யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டது.

நீர் ஆவியாகிவிட்டதென்றே யோகேந்திரன் நினைத்தார். ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், வழக்கம்போல நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்பினார். பொழுதுபடப் பெருக்கு வந்து தொட்டி வழிந்தது. உப்புக் குறைந்த நீரில் முருகை சளி கக்கி, ஒரு கிளை செத்து வெளுத்தது. கடற்கரையில் பெண்ணெடுத்தவருக்கு அது மயிலிட்டிக் கடலின் வற்றுப்பெருக்கு என்று விளங்க ஒரு கிழமை பிடித்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் இருவரையும் தன் கடைப் பின்னறையில் மறைத்துவைத்த அக்குறணை நளீர், கிளை செத்தபின் புத்தளத்திலிருந்து லொறியில் பிளாஸ்ரிக் கான்களில் கடல்நீர் கொண்டுவந்து கொடுத்தார். காவலரண்களில் ஆமிக்காரர் பெற்றோலோ என்று கானைத் திறந்து, விரலால் தொட்டு நக்கி, துப்பிவிட்டுப் போகச் சொன்னார்கள். "கல்லு கொழுத்து ஈக்கி, நீங்கதான் எலும்பா பெய்த்தீங்க ஐயா" என்பார் நளீர். வருடங்கள் போயின. மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து யாழ்ப்பாண நகரில் இருந்த கமலாசனியின் கடிதங்கள் எப்போதாவது வந்தன. தண்ணீர் தவறாமல் வந்துபோயிற்று. அது வந்துகொண்டிருக்கும்வரை அவளும் உயிரோடு இருக்கிறாள் என்று யோகேந்திரன் எடுத்துக்கொண்டார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்துச் சனம் முழுக்க வெளியேறியது. அன்று தொட்டி அடிவரை வற்றியது, பெருக்கு வரவில்லை. ஊற்றிய கடல்நீரும் இறங்கிப் போயிற்று. யோகேந்திரன் லீவு போட்டார். கமலாசனியின் சாயம்போன நூல்சேலையொன்றைக் கடல்நீரில் தோய்த்து முருகைக்குப் போர்த்தி, காயக் காய நனைத்துக்கொண்டிருந்தார். நளீர் வந்தார், கானைச் சரித்துப் பிடித்தார். இரண்டு நாள் கழிய, மத்தியானம், அடியிலிருந்து நீர் ஊறிச் சேலை மிதந்தது. அந்நேரம் கமலாசனி சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் வந்து குந்தியிருந்தாள் என்பது பிறகே தெரிந்தது.

1997 மாசியில் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியா வழியாக அவள் வந்துசேர்ந்தாள். பையை இறக்காமலே தொட்டியில் விரல் நனைத்து நாவில் வைத்தாள்.

"உப்புச் சரி. இந்தக் கிளை வெளுத்திருக்கு, என்ன செய்தனீங்கள்?"

"நல்ல தண்ணி ஊத்திப்போட்டன்."

"நினைச்சனான்."

மயிலிட்டிக் கரை அப்போது பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது; ஊரவர் எவருக்கும் அங்கே போக அனுமதி இல்லை. தண்ணீர் வற்றும் நேரங்களில் கமலாசனி கதிரையை இழுத்துப்போட்டுத் தொட்டியருகே இருப்பாள். பெருக்குக்கு முன் எழுந்து, வழியும் நீருக்கென்று தொட்டியின் கீழே யோகேந்திரன் உடுத்த பழைய சாரம் ஒன்றை விரித்துவிடுவாள்.