யாரும் வரலாம், யாரும் கேட்கலாம்

"அது வெறும் அறிவிப்பாக்கும், அழைப்பிதழ் இல்லை. நீங்க பாட்டுக்குத் தெரு முழுக்க—"

"கீழே மலையாளத்துல என்ன போட்டிருக்குன்னு வாசி. ஏவர்க்கும் ஸ்வாகதம். ஏவர்க்கும்னா எல்லாருக்கும்தானே, அதுல நம்ம தெரு மட்டும்—"

"வெறுதே ஒரு ஒப்புக்குப் போடறது கேட்டேளா. எல்லா ஓபன் டிஃபென்ஸுக்கும் அப்படித்தான் போடுவா. ஒருத்தரும் வர மாட்டா."

"வரலைன்னா நாணக்கேடு அல்லே? அதுக்குத்தான் நான் சொல்லி வெச்சிருக்கேன். வேன் பேசியாச்சு."

வேன் என்ற சொல்லுக்கு மேல் ஜானவிக்குச் சண்டை போடத் தெரியவில்லை. தோசைத் திருப்பியை மேடைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தான் ஜெயித்துவிட்டதாகக் கணவன் பட்டாபிக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தணித்து மிச்சத்தையும் சொன்னான். செக்ரட்டேரியட்டில் மத்தியானச் சாப்பாடு ஆனதும் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, மனைவியின் பெயர் வந்துவிட்டதா என்று பார்ப்பது அவனுக்குச் சில மாதமாகவே வழக்கம். நேற்று வந்திருந்தது. வரவிருக்கும் நிகழ்ச்சிகள் என்ற தலைப்பின் கீழே, தாவரவியல் துறை நடத்தும் காளான் வளர்ப்புப் பயிற்சிக்கும் பெண்கள் கபடி அணித் தேர்வுக்கும் நடுவில், சமூகவியல் துறை, காரியவட்டம், வெள்ளிக்கிழமை காலை. போட்டோ வேறு. அவர்கள் குடும்பத்தில் யாருடைய போட்டோவும் நாலு பேர் பார்க்கிற இடத்தில் வந்ததில்லை, செத்துப்போனால் பேப்பரில் வருவதைத் தவிர. உடனே அதைக் கரமனை உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் தெருவே வருவதாகச் சொல்லிவிட்டது. கிழக்கேகோட்டையில் போளிக்கும் ஆர்டர் கொடுத்தாயிற்று.

கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஜானவி வருஷக்கணக்காக எழுதிய டாக்டர் பட்ட ஆய்வேட்டின் கடைசிப் படி இந்த ஓபன் டிஃபென்ஸ். தேர்வாளர் முன்னால் நின்று, தான் எழுதியது சரிதான் என்று வாதாட வேண்டும். கதவு திறந்திருக்கும். யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம் என்பதுதான் விதி. நடைமுறையில் வழிகாட்டி ராகேஷ் சாரும், தங்கள் முறை வரும்போது என்ன ஆகுமென்று பயந்துபோய்ப் பார்க்க வரும் நாலைந்து மாணவர்களும் இருப்பார்கள். அந்த தைரியத்தில்தான் ஜானவி அத்தனையும் எழுதியிருந்தாள்.

"யார் யார் வரா?"

பட்டாபி விரல் மடக்கினான். மூன்றாவது விரலில் பாகீரதி அத்தை வந்தாள். "ஸ்ரீனிவாசனும் லீவு போட்டுண்டு வரான்" என்றான்.

பாகீரதி, பட்டாபியின் அப்பாவுக்குத் தங்கை. தெருவின் ஆற்றோரக் கோடியில் தனியாக இருக்கிறாள். மகன் ஸ்ரீனிவாசன் கழக்கூட்டத்தில் ஃப்ளாட் வாங்கி, அம்மாவுக்கென்று ஓர் அறையும் ஒழித்து வைத்து, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அந்த அறைச் சுவரில் அப்பாவின் படமும் மாட்டியாகிவிட்டது, கீழே அணையாத சின்ன பல்போடு. அப்பா மாதிரி ஒரு மனுஷன் உண்டா என்று ஆரம்பித்தால் அவனை நிறுத்துவது கஷ்டம்.

ஜானவியின் ஆய்வு, அக்ரஹாரத் தெருக்களில் தனியாக வாழும் பெண்களைப் பற்றியது. அவர்களுடைய நேரம் யாருடையது என்பது கேள்வி. கரமனையிலும் ஸ்ரீவராகத்திலும் வீடு வீடாகப் போய், பெயரோ தெருவோ எங்கேயும் வராது என்று வாக்குக் கொடுத்துப் பேச வைத்திருந்தாள். எல்லோரும் வெறும் எண்கள். அதில் ஏழாம் எண் பாகீரதி. அன்று அரைத்த மாவைப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் அவள் சொன்னது ஜானவிக்கு மனப்பாடம்: 'எனக்கு ஒரு குறையும் வெச்சதில்லை அவர். பக்ஷே, அவர் போன அன்னிக்கு ராத்திரிதான் கல்யாணத்துக்கப்புறம் நான் நன்னாத் தூங்கினேன்.' மாமா அடித்தவரில்லை, குடித்தவரில்லை. ராத்திரி எழுந்து கேட் பூட்டியிருக்கா என்று கேட்பார். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தால் வெந்நீர் கேட்பார். வெந்நீர் குடித்தபின் மறுபடியும் கேட். நாற்பத்திச் சொச்சம் வருஷம் அப்படித்தான். ஆய்வேட்டை மதிப்பிட்ட மைசூர்ப் பேராசிரியர், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதைத் திரும்பத் திரும்பப் படித்ததாக அறிக்கையில் எழுதியிருந்தார். திரையில் பெரிய எழுத்தில் தமிழிலேயே போடு என்று ராகேஷ் சாரும் சொல்லியிருந்தார். அந்தத் திரைக்கு முன்னால்தான் வெள்ளிக்கிழமை பாகீரதியும் அவள் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப்போகிறார்கள்.

மறுநாள் காலை ஜானவி அத்தை வீட்டுக்குப் போனாள். வழி தூரம், கட்டடத்தில் படி ஏற வேண்டும், பேசுவதெல்லாம் இங்கிலீஷ் என்று தனக்குத் தெரிந்த தடங்கலையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். பாகீரதி மயில்கழுத்துப் பட்டுப்புடவையைக் கட்டில்மேல் விரித்து மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். யுனிவர்சிட்டியைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். பேர் கிடையாது, யாருக்கும் தெரியாது, பயப்பட ஒன்றுமில்லை என்று ஜானவி தானாகவே சொன்னாள்.

"நான் எத்தனாம் நம்பர்?"

"ஏழு."

"ஏழு" என்று அத்தை ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டாள்.

அத்தை அப்படி எழுந்து போனதை ஜானவி பயம் என்றே எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து, திரையில் போடவிருந்த ஏழாம் எண்ணின் பக்கத்தில், 'பக்ஷே' என்ற அந்த 'ஆனால்'இலிருந்து எல்லாவற்றையும் அழித்தாள். முதல் வாக்கியம் மட்டும் தனியாக நின்றது. நல்ல வாக்கியம். எந்தப் படத்துக்குக் கீழேயும் எழுதி மாட்டலாம்.

வெள்ளிக்கிழமை, டெம்போ டிராவலர் காரியவட்டத்தில் கபடித் தேர்வுக்கு வந்த பெண்களுக்கு நடுவே புகுந்து நின்றது. பட்டாபி போளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, பட்டுப்புடவைகள் பின்னால் வந்தன. ராகேஷ் சார் ஓடிப்போய்ப் பக்கத்து வகுப்பிலிருந்து நாற்காலிகள் கொண்டுவரச் செய்தார். பாகீரதியும் ஸ்ரீனிவாசனும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஜானவிக்கு முதல் பத்து நிமிஷம் தன் குரலே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பிறகு சரியாயிற்று. திரையில் பக்கங்கள் ஒவ்வொன்றாக மாறின. ஏழாம் எண் வந்தது.

'எனக்கு ஒரு குறையும் வெச்சதில்லை அவர்.'

வேனில் வந்த பெண்கள் உதட்டை அசைத்து வாசித்தார்கள். யாரோ கொடுத்து வைத்தவள் என்று ஒரு குரல். முதல் வரிசையில் ஸ்ரீனிவாசன் மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் ஜானவிக்குக் கேட்டது.

"நம்ம அப்பாவுக்கும் இது அப்படியே பொருந்தும், அல்லேம்மா?"

பாகீரதி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜானவி அடுத்த பக்கத்தைத் தட்டினாள்.

மைசூர்ப் பேராசிரியரின் முறை வந்தது. மாதிரி எடுத்த விதம், வயது வித்தியாசம் என்று கேட்டார். அவள் சொன்ன பதில்களுக்குத் தலையாட்டினார். பிறகு தடித்த ஆய்வேட்டில் தாளடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். நம்பர் செவன், என்று ஆரம்பித்தார். முதல் வரிசையில் பாகீரதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த அம்மாள் சொன்ன வாக்கியம் ஒன்று ஆய்வேட்டின் இந்தப் பக்கத்தில் இருக்கிறது, திரையில் காணவில்லையே என்றார் ஆங்கிலத்தில். ஸ்ரீனிவாசன் கைபேசியை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"சார், ஆய்வேட்டில் அது இருக்கிறது. இந்த அறையில் மட்டும் அதைப் பேச வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்" என்று அவளும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் அவளைப் பார்த்தார். திரும்பிப் பட்டுப்புடவை வரிசைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பக்கம் இருக்கிறது, அது போதும் என்று சொல்லி ஆய்வேட்டை மூடினார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அவர் அதற்கப்புறம் சொன்னதுகூட அவளுக்கு இரண்டாம்பட்சமாக இருந்தது. முதுகில் வியர்வை வழிந்து, மின்விசிறிக் காற்றில் குளிர்ந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்த மாதிரி இருந்தது. பின்வரிசையில் பட்டாபி கைதட்டுவதா கூடாதா என்று தெரியாமல் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேனையும் போளியையும் அந்த நிமிஷத்திலேயே மன்னித்தாள்.

ராகேஷ் சார் எழுந்தார். வழக்கப்படி, சபையிலிருந்து யாருக்காவது கேள்வி உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு வந்திருப்பவர்களைப் பார்த்து மலையாளத்திலும் கேட்டார். மாணவர்கள் குனிந்துகொண்டார்கள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கிருந்தோ கபடிப் பெண்களின் கூச்சல் கேட்டது. சரி என்று ராகேஷ் சார் தன் கோப்புகளைக் கையில் எடுக்கப்போனார்.

பாகீரதி கையைத் தூக்கினாள். ஸ்ரீனிவாசன் "என்னம்மா, பாத்ரூமா?" என்று கேட்டு எழப்பார்த்தான். அவள் அவனுடைய தோளைப் பிடித்தே எழுந்து நின்றாள்; பிடித்த கையை எடுக்கவில்லை. திரையில் இப்போது நன்றி என்று மட்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நல்ல தெளிவான குரலில் கேட்டாள்.

"ஏழாம் நம்பர் மாமி சொன்னதுல பாதிதானே போட்டிருக்கே. மிச்சத்தை எடுத்துடுன்னு அவ உங்கிட்டச் சொன்னாளா, ஜானவி?"